ஓட்டை இல்லாத கத்திரிக்காய்

ஒரு கத்திரிக்காயை அவ்வளவு நேரம் பார்த்த மனிதரை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. வலது கண்ணில், கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் செருகிக்கொள்ளும் கறுப்புக் குழல் கண்ணாடி. இடது கண் இறுக்க மூடியிருக்கும். காய் அவர் விரல் நுனிகளில் மெதுவாகச் சுழலும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது உறவினர்கள் நிற்பார்களே, காயை விளைவித்தவர் எதிரே அப்படி நின்றுகொண்டிருப்பார். கடைசியில் இமை விரியும். கண்ணாடி நழுவி உள்ளங்கையில் விழும்.

"ரிஜெக்ட்."

"ஏன் சார்?"

"ஓட்டை இல்ல."

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருந்த தெருவின் கோடி வீடு அவருடையது. கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து, தொண்ணூறுகளில் பலரையும்போல விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். விருப்பம் யாருடையது என்பதை அந்தத் திட்டத்தின் பெயர் சொல்வதில்லை. தெருவில் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் போலீஸ் என்று நினைத்துக் கொஞ்ச நாள் பணிவாக இருப்பார்கள். அவர் ரிஜெக்ட் செய்யாத பிழை அது ஒன்றுதான்.

மற்றபடி கையில் கிடைத்ததையெல்லாம் அவர் சோதித்தார். இட்லியைத் தட்டில் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பேச்சில் ஒலி சீராக இல்லை என்று அந்த வீட்டுக்காரரிடமே போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசங்கம் எந்த இடத்தில் தளர்ந்தது என்பதை வாசலிலேயே பாதிரியாருக்குத் தெரிவித்துவிடுவார். பாதிரியார் அவரைக் கண்டால் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகப் பழகியிருந்தார்.

"இவ்ளோ பாக்கிற மனுஷன் என்னை எப்படிப் பாஸ் பண்ணாருன்னுதான் தெரியல" என்பார் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டாரு போல."

இன்ஸ்பெக்டருக்கென்று வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பொருளைச் செய்கிறவன் கையால் டீ குடிக்கக் கூடாது. "ஒருத்தன்கிட்ட டீ குடிச்சிட்டா, அப்புறம் அவன் செஞ்சது நல்லாத்தான் தெரியும். கண்ணு கெட்டுடும்" என்பார். தொழிற்சாலையில் இருந்த காலம் முழுவதும் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்து குடித்தாராம். அவருக்கு அங்கே நண்பர்கள் இல்லாததற்கு அந்தப் பிளாஸ்க்தான் காரணம் என்பது டீச்சரின் கருத்து. அவருடைய கருத்து வேறு. நண்பர்கள் இருந்திருந்தால் கடிகாரங்கள் ஓடியிருக்காது.

இப்படிப்பட்டவரிடம் காய்கறி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் நல்ல மனசும் நிறைய நேரமும் உள்ள சிலர் கூடி, ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தார்கள். ஆனேக்கல்லைத் தாண்டி, தென்பெண்ணையில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் பள்ளத்தாக்கு. அவர்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. அதனால் முடிவெடுப்பது தாமதமாகவில்லை. ஓடைக்கரை மரங்களை வெட்டி, வயல்களை வீட்டுமனை லேஅவுட்டாக்கி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். விவசாயி விஷ மருந்து அடிக்காமல் விளைவித்து, கரையை அப்படியே விட்டுவைத்தால், அந்தக் காய்களை நகரம் நல்ல விலைக்கு வாங்கும். நல்ல விலை கிடைத்தால் அவர் நிலத்தை விற்க மாட்டார். யோசனையில் குறை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலைகளில் சர்ச் ஹால் முற்றத்தில் சந்தை தொடங்கியது. வாசலில் துணிப் பதாகை: 'பள்ளத்தாக்கைக் காப்போம்'. எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு பறவை. எந்தப் பறவை என்று வரைந்தவருக்கும் தெரியாது.

மருந்து அடித்த காயா, அடிக்காததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் கத்திரிக்காய் அழுகிவிடும். கடைசி வரிசையிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"புழு சாப்பிட்டுட்டு உயிரோட இருந்தா, நாமளும் சாப்பிடலாம். ஓட்டை இருந்தா பாஸ். இல்லன்னா ரிஜெக்ட். பாஸ் பண்றதுக்கு ஆள் தேவையில்லீங்க. ரிஜெக்ட் பண்றதுக்குத்தான் ஆள் வேணும்."

கைதட்டினார்கள். வாழ்நாளெல்லாம் ஓட்டை உடைசலைத் தள்ளிவைத்தவர், அன்றுமுதல் ஓட்டை இல்லாததைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார்.

இந்தச் சட்டம் பரவிய வேகத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன்; சனிக்கிழமை காலை எனக்கு ஓய்வு. காரில் வந்து இறங்கிய பெண்மணிகள் துணிப்பைகளோடு வரிசையில் நின்று, அதிக ஓட்டை உள்ள கோஸுக்குப் போட்டி போட்டார்கள். "நேத்து எங்க வீட்டு காலிஃபிளவர்ல மூணு இருந்துச்சு, உயிரோட" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் தன் பிள்ளையின் மதிப்பெண் குறைந்ததுபோல் மௌனமாகிவிடுவார்.

விவசாயிகளும் புரிந்துகொண்டார்கள். அவர்களில் வேகமாகப் புரிந்துகொண்டவர் கெம்பண்ணா. வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. முதல் வாரம் அவர் காய்கள் பளபளவென்று வந்து திரும்பிப் போயின. அடுத்த வாரம் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் செருகினார்.

"இது சைக்கிள் கம்பி."

"ஐயோ, புழு சார்!"

"புழு இவ்ளோ நேராப் போகாது கெம்பண்ணா. அதுக்கு அவசரம் இல்ல. ஓரத்துல பாரு, தோலு கிழிஞ்சிருக்கு. புழுன்னா கடிச்சிருக்கும். கழிவு இருக்கும். இதுல ஒண்ணும் இல்ல. உன் புழு பட்டினியாவா உள்ள போச்சு?"

முற்றமே சிரித்தது. கெம்பண்ணாவும் சிரித்தார். போலி ஓட்டையைக் கண்டுபிடித்த செய்தி எங்கும் பரவி, சந்தையின் மதிப்பு ஏறியது. அதற்கடுத்த வாரம் கெம்பண்ணா கொண்டுவந்த ஓட்டைகள் அசல். வளைந்து போயிருந்தன, ஓரம் கடிபட்டிருந்தது, உள்ளே குடியிருப்பவரும் இருந்தார். "இதுதான் காய்" என்றார் இன்ஸ்பெக்டர். கெம்பண்ணா வாசல் கடையிலிருந்து டீ வாங்கி நீட்டினார். இன்ஸ்பெக்டர் பிளாஸ்கைத் திறந்துகொண்டார்.

அந்த முற்றத்தில் தொடர்ந்து தோற்றவர் ஒரே ஒருவர்தான். பைரம்மா. ஓடைக்கரையிலேயே தோட்டம் வைத்திருந்த, கன்னடம் கலந்து தமிழ் பேசும் விதவை. தலையில் கூடையோடு முதல் பஸ் பிடித்து வருவார். அவர் கத்திரிக்காயிலும் கோஸிலும் ஓட்டை என்பதே கிடையாது.

"மருந்து அடிச்சியாம்மா?"

"மருந்தடிக்க மிஷினு வேணும், ஆளு வேணும். நம்மகிட்ட ரெண்டும் இல்ல சார்."

"அப்ப புழு ஏன் வரல?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? வந்தா கேட்டுச் சொல்றேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "காரணம் தெரியாத கெட்டதைச் சரிபண்ணலாம். காரணம் தெரியாத நல்லதை நம்பவே கூடாது. ரிஜெக்ட்."

பைரம்மா கூடையைத் தூக்கவில்லை. "ஸ்வல்ப பாத்துச் சொல்லுங்க சார். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் தினம் வந்து வாசல்ல உக்காந்துக்கறாரு. கரை மரமெல்லாம் வெட்டி, நெலத்த லேஅவுட்காரனுக்கு எழுதிக் குடுன்றாரு. உகாதிக்குள்ள கையெழுத்து வேணுமாம். சனிக்கிழமை யாவாரம் இருக்கு, சிட்டில என் காய்க்குக் கிராக்கி இருக்குன்னு சொல்லித்தான் அவர் வாய அடைச்சிட்டிருக்கேன். இதுவும் பேடா, வேணாம்னா நான் இன்னா சொல்றது?"

"அது உங்க குடும்ப விஷயம்மா. என்கிட்ட காய்தான் பேசணும்."

காய் பேசவில்லை. பைரம்மா வாசலுக்கு வெளியே, பதாகைக்கு அடியிலேயே உட்கார்ந்து, ஆட்டோக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார். ஆட்டோக்காரர்களுக்குக் கோஸில் ஓட்டை இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் ஆட்டோக்காரர்களால் எவ்வளவு கோஸ் சாப்பிட முடியும்? வாரம் தவறாமல் பாதிக் கூடை திரும்பிப் போயிற்று. பைரம்மா வாரம் தவறாமல் வந்து, முதலில் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, ரிஜெக்ட் வாங்கிக்கொண்டு, பிறகு வெளியே போய் உட்கார்ந்தார். உகாதி நெருங்கிக்கொண்டிருந்தது.

உண்மையை உடைத்தவர் தள்ளுவண்டிக்கார ஏழுமலை. திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். எங்கள் தெருவில் தினமும் காய் விற்பவர். ஒரு நாள் காலை நான் இன்ஸ்பெக்டரோடு அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் வண்டியருகே கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஏழுமலை, வழக்கமா ரெண்டு மூணு பூச்சிக் காய் கலந்திருப்பியே. இன்னிக்கு எல்லாம் சுத்தமா இருக்கு?"

"பூச்சிக்காய்க்கு இப்ப நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வழியில்லக்கா. அது ரேட்டு ஏறிப்போச்சு."

"பூச்சிக்காய்க்கா?"

"ஆமாக்கா. மார்க்கெட்டு மண்டியில கழிச்சுக் கொட்டுவாங்கல்ல, அத ஆனேக்கல் பக்கத்து ஆளு ஒருத்தரு மூட்டை மூட்டையா அள்ளிக்கிட்டுப் போறாரு. வெள்ளைச் சட்டை போட்டவரு. அவரு தோட்டத்துக் காயி பளபளன்னு மண்டிக்கு வருது, திரும்பிப் போறப்ப ஓட்டைக் காயி போவுது. ரிச்சர்ட்ஸ் டவுன்ல பெரிய மனுஷங்க சாப்பிடறாங்களாம். காசு குடுத்து!"

"மருந்தடிச்ச காய்லயும் பூச்சி இருக்குமா?"

"அந்தப் பூச்சிங்க மருந்தையே சட்னி மாதிரி தொட்டுக்கும்க்கா."

டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மணவாழ்வின் அத்தனை இட்லிகளும் இருந்தன. "என்னாங்க, கேட்டுதா?" என்று மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டரைப் போலிச் சரக்கு ஏமாற்றவில்லை. சைக்கிள் கம்பியைப் பிடித்துவிட்டார். அசல் ஓட்டைதான் ஏமாற்றியிருந்தது. வேறொருவராக இருந்தால் கெம்பண்ணாவைத் திட்டிவிட்டு விஷயத்தை முடித்திருப்பார். இவர் தொழிற்சாலை விதியைச் சொன்னார்.

"அளக்கிற கேஜ் தப்புன்னு தெரிஞ்சா, அதால அளந்த எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடணும். பாஸ் ஆனதையும் கூப்பிடணும், ரிஜெக்ட் ஆனதையும் கூப்பிடணும்."

பாஸ் ஆனவை ரிச்சர்ட்ஸ் டவுன் வயிறுகளுக்குள் போயிருந்தன. கூப்பிட்டாலும் வராது. ரிஜெக்ட் ஆனது ஒன்றுதான் மிச்சம்.

மறுநாள் மார்க்கெட் பஸ் ஸ்டாண்டில் ஆனேக்கல் பஸ் ஏறினோம். ஞாயிறு இணைப்பில் சந்தையைப் பற்றி எழுதலாம் என்று நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் மடியில் பிளாஸ்க், சட்டைப்பையில் கண்ணாடி. ஆனேக்கல்லில் வேறு பஸ் மாறி, இறங்கி, ஓடையை ஒட்டி நடந்தோம். நகரத்தில் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்த பள்ளத்தாக்கு அங்கே பெரும்பாலும் வெள்ளைக் கற்களாக நடப்பட்டிருந்தது. மீதி வயல்களில் கரை மொட்டையாக இருந்தது. மண் சரிந்து ஓடைக்குள் கிடந்தது. கெம்பண்ணாவின் தோட்டம் அழகாக, அமைதியாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

பைரம்மாவின் தோட்டம் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்தது. கரை நெடுகப் புங்க மரங்கள், இடையில் மூங்கில் புதர். மரங்களை ஏன் விட்டுவைத்தார் என்று பைரம்மாவிடம் கேட்டேன். செய்திக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கும் என்ற ஆசை. "வெட்டுக்கூலி யாரு குடுக்கிறது?" என்றார்.

இன்ஸ்பெக்டர் கூடையைக் கவிழ்த்துப் போட்டு வரப்பில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கண்ணாடியைக் கண்ணில் செருகினார். அது கைநீளத்துக்கு மேல் எதையும் காட்டாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. கழற்றி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். வெயில் ஏறியது. அவர் அசையவில்லை. பறவைகளை விரட்டப் பைரம்மா பழைய கேசட் நாடாவைப் பாத்திகளுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார். அது காற்றில் மினுங்கிச் சலசலத்தது; பறவைகள் அதன்மேல் உட்கார்ந்து ஊஞ்சலாடின.

கோஸ் பாத்திக்குள் மைனாக் கூட்டம் ஒன்று இறங்கியது. பைரம்மா மண்கட்டியைக் கையிலெடுத்தார்.

"அடிக்காதே!" இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "டூட்டியில இருக்காங்க!"

பைரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு சார்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். கோஸ் இலைகளைப் புரட்டிப் பச்சைப் புழுக்களை எடுத்துக்கொண்டிருந்த மைனாக்கள். கத்திரிச் செடிகளின் அடியில் சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிகள். மூங்கில் கழியின் நுனியில் கறுப்புக் கரிச்சான் குருவி. செடியிலிருந்து ஓர் அந்துப்பூச்சி எழும்பியதும் பாய்ந்து காற்றிலேயே பிடித்துக்கொண்டு அதே நுனிக்குத் திரும்பியது. எல்லாம் புங்க மரத்திலிருந்து வந்தன, புங்க மரத்துக்கே போயின.

"தரையில ஒரு செக்கிங். இலையில ஒரு செக்கிங். அந்தக் கறுப்புக் குருவி ஃபைனல். எனக்கு முன்னாடியே இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருக்கும்மா. நான் போய்ப் புழுவைத் தேடிட்டிருந்தேன். அவங்க சாப்பிட்டுட்டாங்க."

"தக்காளியையும் கொத்துதே சார்?"

"சாம்பிள் எடுக்காம எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ண மாட்டான்." பிறகு மரங்களைப் பார்த்தார். "அதுங்கள வெட்டினா டிபார்ட்மெண்டே காலி."

"அப்ப பாஸா சார்?"

"பாஸ்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் அவ்வளவு தெளிவாக நான் கேட்டது அன்றுதான்.

"ஒள்ளேதாச்சு, நல்லதாப் போச்சு. பாஸோ பெயிலோ, டீ ஆறுது, குடிங்க."

வரப்பில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றை நான் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் மற்றதைப் பார்த்தார். கத்திரிக்காயைப் பார்த்த அதே பார்வை. பிளாஸ்க் அவர் காலடியிலேயே இருந்தது. கரிச்சான் இன்னொரு முறை பாய்ந்து திரும்பியது. அவர் டம்ளரை எடுத்து, ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சனிக்கிழமை முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, கெம்பண்ணாவின் போக்குவரத்தை இரண்டு வாக்கியங்களில் விளக்கினார். பைரம்மாவின் காய் ஏன் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு இன்னும் இரண்டு. பிறகு கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆனா நான் அந்தம்மா கையால டீ குடிச்சிட்டேன். அதனால என் பாஸ் செல்லாது. நான் சொல்றத நம்பாதீங்க. நீங்களே போய்ப் பாருங்க."

சந்தைக் கமிட்டித் தலைவி பதறினார். "என்ன அங்கிள், ஒரு டீதானே?"

"ஒரு டீதாம்மா. கேஜ் போச்சு."

அவர்கள் போனார்கள். தொப்பியும் பைனாகுலரும் தண்ணீர் பாட்டில்களுமாக ஒரு வேன் நிறையப் போனார்கள். பதாகையில் இருப்பது எந்தப் பறவை என்று தேடினார்கள். அது கிடைக்கவில்லை, கரிச்சான் கிடைத்தது. அதுவே போதுமென்று திரும்பினார்கள். அடுத்த மாதம் இன்னொரு வேன். பைரம்மாவின் தோட்டத்துக் கோஸ் வாங்குவது அந்த ஆண்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் நாகரிகமாயிற்று. காய் அறுக்கும் முன்பே விலை பேசி முடிந்துவிடும். ஓட்டை வேண்டும் என்று போட்டி போட்டவர்கள் அதே மும்முரத்தோடு ஓட்டை கூடாது என்று போட்டி போட்டார்கள். கமிட்டி தரச் சான்றாகப் பச்சை நிற ஸ்டிக்கர் ஒன்றை அச்சடித்தது. முதல் ஸ்டிக்கரை வாங்கியவர் கெம்பண்ணா.

உகாதி வந்தது, போயிற்று. கணவரின் அண்ணன் வாசலில் உட்கார வந்த ஒரு நாளில் வேனும் வந்து நின்றிருக்கிறது. பைனாகுலர் வைத்திருந்த ஓர் அம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். அப்புறம் அந்த அண்ணன் வரவில்லை என்று பைரம்மா சொன்னார். "பறவைன்னு நெனச்சிட்டாங்களோ என்னமோ. அஷ்டே, அவ்ளோதான் சார்." நான் கடைசியாக அந்தப் பக்கம் போனபோது புங்க மரங்கள் இருந்தன. கேசட் நாடாவைக் கழற்றியிருந்தார்.

பதவி விலகிய இன்ஸ்பெக்டர் பையோடு வரிசையில் நின்று, பைரம்மா போடுவதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவார். பார்க்கக் கூடாது என்பது அவருடைய புதிய சட்டம். டீ குடித்தவருக்கு அந்த உரிமை இல்லையாம்.

ஒரு சனிக்கிழமை நான் அவர் வீட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து டீச்சர் வந்தார். நீட்டிய கையில் பாதியாக அரிந்த கத்திரிக்காய், நடுவில் ஒரு புழு, நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ காலமாக இந்த ஒரு நிமிடத்துக்குக் காத்திருந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்னாங்க, உங்க பைரம்மா காய்தான். ரிஜெக்டா?"

அவர் எழுந்து வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இல்ல. ஏதோ ஒரு குருவி அன்னிக்கு லீவு போட்டிருக்கும்."